யார் இழுத்த கயிறு

முதல் ஷிப்ட் பஸ்கள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே, மெடிக்கல் ஷாப் மாடியில், தனம் ஈரத்துணியோடு பதினோரு கீபோர்டையும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இடுக்கு வழியாக இறங்கிய அனல்மின் நிலையத்துச் சாம்பல் எழுத்துக்கட்டைகளுக்கு நடுவே மாவு மாதிரிப் படிந்திருக்கும். ஈரம் பட்டதும் சேறாகி நகக்கண்ணில் ஏறும். அவள் துடைத்துவிட்ட முதல் மேஜையில் தமிழ்நிலா அதற்குள் இரண்டு விளக்கம் எழுதி முடித்திருந்தாள். குள்ளஞ்சாவடியிலிருந்து பால்வேனின் முன்சீட்டில் ஒண்டிக்கொண்டு வருகிறவள். கட்டைவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்கும். தைலம் தடவி, கைக்குட்டையால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆறு மணிக்குள் எட்டு, மத்தியானத்துக்குள் முப்பது. அந்தக் கைக்குட்டைக்கும் முப்பது விளக்கத்துக்கும் சேர்த்து ஒரே சொந்தக்காரர்தான்: இந்த ஆபீசை நடத்துகிற ஹரி சார்.

இந்த மாடியில் என்னதான் நடக்கிறது என்று ஊரில் யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. பொம்பளைப் பிள்ளைகள் விடியுமுன் படியேறுகிறார்களே என்று எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர் தன் பங்குக்கு ஒரு கதை கட்டிவிட்டார். "ஏஜென்டுக்கு எழுதுறோம்" என்று இங்கே எழுதுகிற பவித்ரா வீட்டில் வாய்தவறிச் சொல்லப்போக, அவள் சித்தி காலாவதியான எல்.ஐ.சி. பாலிசியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டாள். இந்த ஏஜென்டுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, கமிஷனும் இல்லை. ஆலைகளில் இயந்திரத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டர் நிரலில் கோளாறு வந்தால், தானாகத் தேடித் தானாகச் சரிசெய்கிற ஏ.ஐ. அது. பிழை தேட அதனிடம் நாற்பது ஐம்பது கருவிகள் உண்டு. ஒன்று பழைய பதிவைப் புரட்டிக் காட்டும். ஒன்று நிரலை நடுவழியில் நிறுத்தி உள்ளே இருப்பதைக் காட்டும். ஒன்று சிக்கியதை விடுவிக்கும். எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது, எடுத்தால் என்ன பதில் வரும், இவ்வளவையும் நாலு வரியில் எழுதி வைக்க வேண்டும். ஏஜென்ட் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் கருவியில் கைவைக்கும். அதற்குக் கண் அந்த நாலு வரிதான். ஆபரேட்டர்கள் அதனோடு தமிழில் பேசுகிற உள்ளூர் ஆலைகள் என்பதால் விளக்கமும் தமிழில்.

முதல் வருஷம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எழுதினாலும், அனுப்புமுன் தனத்திடம் கொடுப்பார்கள். எட்டாவது வரை படித்தவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றபடியே சத்தம்போட்டு வாசிப்பாள். அந்த நேரத்துக்கு அவள்தான் ஏஜென்ட். எழுதினதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று பார்ப்பார்கள்.

"நிரலை நிறுத்தி உள்நிலையைக் காட்டும்." ஒருநாள் இப்படி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "நிறுத்திட்டேன். பாத்துட்டேன். அப்பால? அதுவா ஓடுமா, நான் ஓட்டணுமா?"

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பட்டம் வாங்கியவர்கள், டிப்ளமோ வாங்கியவர்கள், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அதிலிருந்து 'தனத்துகிட்ட தேறிச்சா?' என்பது ஆபீஸ் பேச்சாகவே ஆகிவிட்டது.

ஹரிக்கு அது பிடிக்கவில்லை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவரின் மகன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பிறந்து, டவுன்ஷிப் ஸ்கூலில் படித்து, 'நானும் உங்க ஊர்தானே' என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுகிறவன். சொல்லும்போது ஏசி அறைக் கதவு சாத்தியிருக்கும்; அது வேறு விஷயம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் வெளியே வந்து நின்றான்.

"தனம், நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பெருக்குறது, தொடைக்கிறது, டீ வெக்கிறது சார்."

"படிக்கிறது?"

"அது சும்மா சார். அதுக்குன்னு எதனா கேட்டனா நானு?"

"நீங்க கேக்குற ஒரு கேள்விக்குப் பதினோரு பேர் கீபோர்டை விட்டுட்டு நிக்கிறாங்க. இனி வேணாம். எழுதினவங்களே நேரா அனுப்புங்க. ஆளுக்கு முப்பது."

"நின்னாத்தானே சார் சரி பண்ண முடியும்?" என்றார் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பத்தொன்பது வருஷம் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியனாக இருந்து, இடுப்பு போனபிறகு இங்கே வந்தவர். எல்லாருக்கும் அண்ணாச்சி.

"ஏ.ஐ. ரொம்ப புத்திசாலி அண்ணாச்சி. எட்டாங்கிளாஸ் ஆளு கேக்குற கேள்வியெல்லாம் அது கேக்காது."

"அதான் சார் பயமா இருக்கு," என்றாள் பவித்ரா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

யாரோ சிரித்தார்கள். ஹரியும் சிரித்தான். தனம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தமிழ்நிலா தட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இன்னும் பத்தொன்பது பாக்கியிருந்தது.

கீபோர்டு துடைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் தனத்தின் போன் அடித்தது. டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்; வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே படி இறங்கி ஓடினாள். படியெல்லாம் தேயிலைச் சக்கை சொட்டிக்கிடந்தது.

அவள் புருஷன் பழனிவேல் வடலூர் ரோட்டில் செங்கல்லுக்குப் பதில் சாம்பல்கல் அறுக்கிற தனியார் ஆலை ஒன்றில் பெல்ட் சுத்தம் செய்கிறவன். அங்கே சாம்பல் பெல்ட்டில் ஏறித்தான் கலவைத் தொட்டிக்குப் போகும். மழைக்காலத்தில் ஈரச்சாம்பல் உருளையில் அப்பிக்கொள்ளும். பெல்ட் ஒருபக்கமாக ஒதுங்கும். பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஒரு கயிறு போகும். அதைப் பிடித்து இழுத்தால் பெல்ட் நிற்கும். பழனிவேல் இழுத்தான். நின்றது. குனிந்து, கையை உள்ளே விட்டு அப்பியதைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர், "பெல்ட் ஏன் நிக்குது? பாத்து ஓட்டு" என்று ஏஜென்டுக்குச் சொல்லியிருக்கிறான். ஏஜென்ட் பதிவைப் புரட்டியது. நிரல் ஒரு தடைக்கொடியில் நிற்பதைக் கண்டது. கயிறு இழுத்தபோது நிரலுக்குள் விழுந்த 'ஓடாதே' என்ற குறிதான் அந்தக் கொடி. தன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'கொடி நீக்கி' என்ற கருவியின் விளக்கத்துக்கு வந்தது. "நிரல் ஏதேனும் ஒரு தடைக்கொடியில் சிக்கி முன்னேறாமல் நின்றால், இக்கருவி அக்கொடியை நீக்கி நிரலைத் தொடரச் செய்யும். வெற்றி எனில் 'சரி' என்று பதில் வரும்."

செய்தது. 'சரி' என்று பதில் வந்தது. ஏஜென்ட் யோசித்த நேரம் பதினோரு விநாடி. பழனிவேலின் வலதுகை முழங்கைக்கு மேலே போய்விட்டது.

புதன்கிழமை காலையில் அந்த வாசகம் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. ஆலை எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்குப் பழக்கம். போனில் வாசித்துக் காட்டினான். அண்ணாச்சி திருப்பிச் சத்தமாகச் சொன்னார். தமிழ்நிலாவுக்கு இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் குரல் தெரியாதா? 'இக்கருவி', 'அக்கொடி' என்று எழுதுகிற ஆள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். சுத்தமான வாசகம். எழுத்துப்பிழை கிடையாது. குழப்பம் கிடையாது. ஹரி சார் போனமாதம் கூட்டத்தில் 'தெளிவுன்னா இது' என்று எடுத்துக்காட்டியதே இந்த விளக்கத்தைத்தான்.

அவள் அப்பா கொளஞ்சியப்பன் இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துப் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரினவர். கடைசிவரை கான்ட்ராக்ட். கயிறு இழுத்தவன்தான் திரும்ப வந்து கயிற்றை விட வேண்டும். அவன் முகத்தைக் காட்டாமல் பெல்ட் ஓடக் கூடாது. பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் சரி. பெல்ட் ஆட்களுக்குள் அது எழுதாத சட்டம். அவள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தண்ணீர் சொம்பை எச்சில் பண்ணாதே என்பது மாதிரி, அது பாட்டுக்கு இருந்தது.

தெரியாததால் அவள் எழுதாமல் விடவில்லை. எழுதத் தோன்றாத அளவுக்குத் தெரிந்திருந்தது. இதைப் போய் எழுதுவார்களா என்ன?

"நிலா, உள்ள வாங்க," என்றான் ஹரி.

காபி வந்தது. தனம் இல்லாததால் கீழ்க்கடையிலிருந்து வாங்கி வந்த காபி. மேஜையில் அடித்துவைத்த ஒரு கடிதம். 'எனது தனிப்பட்ட கவனக்குறைவினால்' என்று தொடங்கியது. அடியில் அவள் பெயர் ரெடியாக இருந்தது, கையெழுத்துத்தான் பாக்கி.

"போலீஸ் கேஸ் ஆகாம நான் பாத்துக்கறேன். மூணு மாசம் வீட்ல இருங்க. அப்புறம் நானே கூப்பிடுறேன். நானும் உங்க ஊர்தானே, உங்களை விட்ருவனா?"

"சார், முதல்ல அந்த விளக்கத்தைத் திருத்தணும். இன்னும் பதினாலு ஆலையில அதேதான் ஓடிக்கினு இருக்கு." டவுன்ஷிப் வாய்க்காக வீட்டு வாயை மடித்துவைத்துப் பேசுகிறவள், அன்றைக்கு மடிப்பு அவிழ்ந்துவிட்டது.

"இப்பத் திருத்தினா, முன்னாடி இருந்தது தப்புன்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல் தெளிவா சொல்லிட்டார். நீங்க கையெழுத்துப் போடுங்க, அது உங்க தப்புன்னு ஆயிடும், உடனே திருத்திடலாம்."

"அதுக்குள்ள எங்கயாவது ஒருத்தர் கயிறு இழுத்தா?"

ஹரி காபியை உறிஞ்சினான். "இழுக்க மாட்டாங்கன்னு நம்புவோம்."

அவள் கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வூட்ல கேட்டுட்டு வரேன் சார்."

போனது வீட்டுக்கல்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தனம் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீ வடிகட்டி. பழனிவேல் உள்ளே மயக்கத்தில் இருந்தான். தமிழ்நிலா எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு வாய்வரை வந்து ஓடிப்போனது.

"அக்கா, அதை எழுதுனது நான்."

தனம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "படி."

"வேணாங்க்கா."

"படிடி. என் கையில குடுத்திருந்தா நான் படிச்சிருப்பேன் இல்ல? இப்ப நீ படி."

தமிழ்நிலா படித்தாள். மனப்பாடம்தான்; காகிதம் தேவைப்படவில்லை. 'தொடரச் செய்யும்' என்ற இடத்தில் தனம் கையை உயர்த்தினாள். ஆபீசில் சந்தேகம் வந்தால் உயர்த்துகிற அதே கை.

"அது யார் இழுத்த கயிறு?"

தமிழ்நிலா தரையில் கிடந்த வடிகட்டியைப் பார்த்தாள்.

"அதான் கேட்டிருப்பேன். வேற ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன். எம் புருசன் தெனம் இழுக்குற கயிறுடி அது. எட்டாங்கிளாஸ் கேள்விதான். கேட்டிருப்பேன்." குரல் உடைந்தது, உடைந்த வேகத்திலேயே கூராகவும் ஆனது. "உனுக்குத் தெரியாதா? உங்கப்பன் கயிறு இழுத்த ஆளுதான?"

"தெரியுங்க்கா. தெரிஞ்சதாலதான் எழுதாம வுட்டேன். அதுக்கும் தெரிஞ்சிருக்கும்னு..."

"நம்ம ஊரு ஆளுன்னு நெனச்சிட்ட." தனம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நர்ஸ் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். "உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் நிலா. அந்த ஆளு இடது கையால சோறு தின்னக் கத்துகினு, நான் அதைப் பாத்துகினு கெடக்கணும். அப்பால யோசிக்கிறேன்."

தமிழ்நிலா கடிதத்தை எடுத்து நீட்டினாள். தனம் வழக்கம்போல வாய்விட்டு வாசித்தாள். கவனக்குறைவு, தனிப்பட்ட, முழுப்பொறுப்பு. வாசித்து முடித்துத் தாளை மடியில் வைத்தாள்.

"காலையில ஆலைலேர்ந்து ஒருத்தன் வந்தான். அந்த ஆபீசுல ஒரு பொண்ணு தப்பா எழுதிட்சாம், எங்க பக்கம் தப்பு இல்ல, அங்க போயி கேளுன்றான். இங்க உங்க சாரு, அந்தப் பொண்ணு ஒருத்திதான்னு எழுதி வாங்குறான். நீ கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிடுவானுங்க. நான் உங்கிட்ட வந்து நிக்கணும். உங்கிட்ட இன்னா இருக்குது நான் வாங்க? அந்தக் கைக்குட்டையா?"

தமிழ்நிலா மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள்.

"அழாத. எனுக்கு இப்ப அதுக்கு நேரமில்ல," என்றாள் தனம். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல இல்லாதத எழுது."

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கீபோர்டுகளைத் துடைக்க ஆளில்லை. மூன்று நாள் சாம்பல். ஒருவரும் அதை ஊதக்கூட இல்லை. தமிழ்நிலா நடுவில் நின்று கடிதத்தை வாசித்துக் காட்டினாள். பிறகு தான் எழுதியதை வாசித்தாள். அதில் நாலே விஷயம். அந்த விளக்கத்தை எழுதியது நான். கயிறு இழுத்த ஆள் உள்ளே இருக்கலாம் என்பதை எழுதாமல் விட்டதும் நான். அதைப் பிடித்திருக்கக்கூடிய வாசிப்பை நிறுத்தியது நிர்வாகம். நாலாவது, அண்ணாச்சி விசாரித்துச் சொன்னது. முறைப்படி கயிற்றை நேராக மோட்டாரின் மின்சாரத்தோடு கட்டியிருக்க வேண்டும். வயர் மிச்சம் என்று ஆலை அதைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிட்டிருந்தது.

"நேரா கட்டியிருந்தா எந்த ஏஜென்டாலயும் அசைச்சிருக்க முடியாது," என்றார் அண்ணாச்சி. "குடுங்க, நான் முதல்ல போடுதேன்."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி? எழுதுனது நான்."

"நேத்து ராத்திரி நான் அனுப்புன முப்பதையும் எடுத்துப் பாத்தேன் தாயி. எலெக்ட்ரீஷியனுக்குத் தெரிஞ்சது ஒண்ணைக்கூட நான் எழுதல. இன்னும் யாரு கையும் போகல, அவ்வளவுதான் வித்தியாசம்."

பவித்ரா கையெழுத்திட்டாள். கடைசி மேஜை வளவன் மட்டும் பேனா தன் பக்கம் வருமுன் எழுந்து போனான். பாத்ரூமுக்குள் போனவன் இருபது நிமிஷம் வரவில்லை. வந்து பார்த்தால், பத்துப் பெயருக்கு நடுவில் அவனுக்கென்று ஒரு வரி காலியாக விட்டிருந்தார்கள். "பேனா நல்லா எழுதுதா?" என்று கேட்டுவிட்டுப் போட்டான். இதைச் சொல்லி அவனை இன்றைக்கும் கிண்டல் பண்ணுகிறார்கள்.

ஏழு மணிக்கு ஹரி வந்தான். பதினோரு திரையும் இருட்டு.

"என்ன இது? ஆறு மணிக்குப் போக வேண்டிய விளக்கம் ஒண்ணும் போகலை. யார் நிறுத்தச் சொன்னது?"

"நாங்கதான் சார்," என்றாள் தமிழ்நிலா. காகிதத்தைக் கொடுத்தாள்.

படித்தான். முதல் தடவை வேகமாக, இரண்டாவது தடவை மெதுவாக. "நிலா, உங்களுக்கு நான் நல்லதுதான் நினைச்சேன்."

"தெரியும் சார். மூணு மாசம் வீட்ல இருக்கச் சொன்னீங்க."

"இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு காப்பி தனம் அக்காவுக்கு. ஒண்ணு தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு. அந்த விளக்கம் இன்னிக்கே மாறணும். இனிமே எதுவும் இன்னொருத்தர் வாசிக்காம இங்கேர்ந்து போகாது. வாசிக்கிறதும் வேலைதான், அதுக்கும் ஆள் போடுங்க."

"இந்த வேலைக்கு வெளிய நூறு பேர் நிக்கிறாங்க."

"வரட்டும் சார்," என்றாள் பவித்ரா. "அவங்ககிட்டயும் படிச்சுக் காட்டுறோம்."

ஹரி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் பூட்டு இருந்தது. "எல்லாரும் இறங்குங்க. திங்கக்கிழமை வக்கீலோட பேசிக்கலாம்."

திங்கட்கிழமை வரை பெல்ட்டுகள் காத்திருக்குமா? உள்ளே போய்த் திருத்த வழியில்லை. சாவி அவனிடம், பாஸ்வேர்டும் அவனிடம். பதினோரு பேரும் மெடிக்கல் ஷாப் வாசலிலேயே நின்று, பதினாலு ஆலையையும் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆபீசுக்குப் போன் பண்ணினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதால், தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன், பெண்கொடுத்த வழி, பஸ் சிநேகிதம் என்று தேடி, பெல்ட்டில் நிற்கிற ஆளையே பிடித்தார்கள். மத்தியானம் வரை அதே பேச்சு: "கயித்தை நம்பாதீங்க. மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புல சொருகிட்டு உள்ள கையை விடுங்க." பண்ருட்டி முந்திரி ஆலையிலிருந்து ஒரு பெண் திருப்பிக் கேட்டாளாம்: "இதெல்லாம் அந்த மிஷினுக்குச் சொல்லலியா நீங்க?" தமிழ்நிலா, "இல்லம்மா, சொல்லல," என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல? பேசின இடத்திலெல்லாம், பெல்ட் பற்றித் தெரிந்ததைச் சனிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. மாடிக் கதவில் பூட்டு. ஆனாலும் பதினோரு பேரும் வந்தார்கள். படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக, மடியில், ஆபீசைப் பூட்டுமுன் அச்செடுத்து வைத்திருந்த விளக்கக் கட்டோடு உட்கார்ந்தார்கள். பரோட்டா மாஸ்டர் இந்தத் தடவை கதை கட்டவில்லை; கடை பல்பை இழுத்துப் படிப்பக்கம் திருப்பிவிட்டார். வடலூர் ரோட்டிலிருந்து மூன்று பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாம்பல்கல் ஆலையில் பழனிவேலோடு நின்ற ஆட்கள். இமை முடிவரைக்கும் சாம்பல்.

"எங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லணும்னீங்களாமே," என்றான் ஒருவன் கூச்சத்தோடு. "பெருசா ஒண்ணும் இல்லீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அதாங்க வேணும்," என்றாள் தமிழ்நிலா.

கடைசியாகத் தனம் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. அதே புடவை. யாரையும் பார்க்கவில்லை, தமிழ்நிலாவைப் பார்க்கவே இல்லை. நின்றபடியே கையை நீட்டினாள். தமிழ்நிலா மேலாக இருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். முதல் ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு ஆர்ச்சுக்குள் நுழைந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி தனம் குரலை உயர்த்தி வாசித்தாள். பாதியில் நின்றாள். கை உயர்ந்தது.

"உள்ள ஆளு இருந்தா?"

"அது இல்லக்கா இதுல."

தனம் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினாள்.

"எழுது."